மூணு பேட்டரியும் உங்கப்பா வச்ச நேரமும்

தம்பி,

போன வாரம் நீ போன்ல கேட்டப்ப, "எடுத்துட்டேன்டா, எடுத்துட்டேன்"னு சொன்னேன் பாரு, அது பொய். அந்த மூணு பேட்டரியையும் நான் எடுக்கல. உங்கப்பா போனதுல இருந்து நீ இதையேதான் கேக்குற. "மா, அதெல்லாம் மலிவு பேட்டரி, வருஷம் தாண்டுனா ஒழுகும், ஒழுகி உள்ள போனா கம்ப்யூட்டர் காலி, கழட்டி குப்பையில போட்டுருங்க"ன்னு. நானும் சரி சரின்னு சொல்லிட்டு அடுப்ப பாக்கப் போயிருவேன். இப்ப உள்ளத சொல்லணும். வாய்ஸ் மெசேஜ்ல சொல்லலாம்தான். ஆனா நீ எல்லாத்தையும் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு கேப்பேன்னு உன் வாயாலயே சொன்னவன். என் குரல் எலி கத்துற மாதிரி உனக்கு கேக்க வேணாம். எழுதுனா மெதுவாத்தான் படிப்ப, உனக்கு தமிழ் படிக்கிற வேகம் அவ்வளவுதான். ரீத்தாவுக்கும் படிச்சுக் காட்டு. அடுத்த மாசம் கல்யாணம் முடிஞ்சதும் உன்னோட இங்க வந்து அந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டிய சிங்கப்பூருக்கு தூக்கிட்டுப் போகப் போறவ அவளும்தானே. எத தூக்கிட்டுப் போறோம்னு தெரிஞ்சுக்கட்டும்.

அது இந்த வீட்டுக்கு வந்த கதையில பாதிதான் உனக்குத் தெரியும். அப்ப நாங்க ரெண்டு பேருமே இதே பினாங்குல, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிப் பக்கம் வேல, வேற வேற கம்பெனி. அவரு மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், நான் லைன்ல உக்காந்து சால்டர் வைக்கிறவ. அவரு ஆபீஸ்ல புது கம்ப்யூட்டருங்க வந்து எறங்குனதும் பழசெல்லாம் லோரியில ஏத்தி தூக்கிப் போடப் போனாங்களாம். இவரு ஆபீஸ் கணக்கெல்லாம் பாக்குற பெரிய கிராணிகிட்ட போயி பல்ல காட்டி ஒண்ண கேட்டு வாங்கிட்டாரு. வாங்கிட்டு வீட்டுக்கு எப்படி கொண்டு வர்றது? நம்மகிட்ட காரு, காடி ஏது? மோட்டார் சைக்கிள்ல பெட்டிய முன்னாடி கால் வைக்கிற எடத்துல கயிறு போட்டு கட்டிட்டாரு. நான் பின்னாடி உக்காந்து அந்த மானிட்டர மடியில வச்சு கட்டிப் புடிச்சுக்கிட்டு நம்ம ஆயர் ஈத்தாம் வீடு வரைக்கும் வந்தேன். கை மரத்துப் போச்சு. சிவப்பு விளக்குல நின்னப்ப பக்கத்துல ஒரு மலாய்க்காரர் எட்டிப் பாத்து, புது டிவியான்னு கேட்டு சிரிச்சாரு. உங்கப்பாவுக்கு ரோஷம் வந்துருச்சு. "கம்ப்யூட்டர் லா!"ன்னு கத்துனாரு. ரோடே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு மானமே போச்சு.

நீ அப்ப தமிழ் பள்ளியில சின்ன வகுப்பு. அன்னிக்கு சாயங்காலமே அதுல உன் பேர அடிச்சுப் பாத்த, தப்பாத்தான் அடிச்ச. அப்புறம் நீ கெலுகோர்ல யுனிவர்சிட்டிக்கு போனது, சிங்கப்பூர்ல வேலை கெடச்சது எல்லாத்துக்கும் அந்த பெட்டிதான் காரணம்னு உங்கப்பா கோயில்ல, கடையில, பாசார்ல கண்டவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிவாரு. நான் உன்ன தெனம் எழுப்பி, குளிப்பாட்டி, சட்ட மாட்டி அனுப்புனதெல்லாம் எங்கயும் சேராது. அது கெடக்கட்டும்.

பேட்டரி கதைக்கு வர்றேன். அந்த பெட்டிக்குள்ள பச்சை போர்டு மேலயே சின்ன பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரிய சால்டர் பண்ணி வச்சிருந்தாங்க. மெஷின அணைச்ச பிறகும் தேதி, நேரம், உள்ள இருக்குற டிஸ்க் எந்த மாதிரிங்கிற விவரம், இதெல்லாம் அது மறக்காம இருக்க அந்த பேட்டரிதான் கரண்டு குடுக்கும். ஒரு நாள் மெஷின போட்டா எல்லாத்தையும் மறந்துட்டு நிக்குது. தொறந்து பாத்தா பேட்டரி பச்சையா கக்கி வச்சிருக்கு. உங்கப்பா அத வெட்டி எடுத்துட்டு, என் பல்லு விளக்குற பிரஷ்ஷ எடுத்து வினிகர்ல முக்கி போர்ட தேய்ச்சுட்டு, அலசி பழைய எடத்துலயே வச்சுட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு, பல்லு விளக்குறப்ப ஏன்யா ஊறுகாய் வாடை அடிக்குதுன்னு நான் கேட்டதுக்கப்புறம்தான் சொல்றாரு. அந்த பழைய மாதிரி பேட்டரி இங்க எங்கயும் கெடைக்கல. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா பேட்டரிய விட போஸ்ட் செலவு அதிகம். அவரு கருமி, உனக்கே தெரியும். உன்னோட ரிமோட் காரு ஒண்ணு ஒடஞ்சு கெடந்துச்சே, அதோட பேட்டரி பொட்டிய நோண்டி எடுத்தாரு. நீ ஒரு பாட்டம் அழுத. அதுல டார்ச்லைட்டுக்கு போடுற சாதா பேட்டரி மூணு. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கூறு கட்டி விப்பாங்களே, அதுதான். மூணும் சேந்தா அந்த பழைய பேட்டரியோட வேலைய செஞ்சுரும்னாரு.

ஆனா அதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. போர்டுக்கு, வந்திருக்குறது வேற பேட்டரின்னு தெரியாது. பழசுன்னு நெனச்சு அதுக்குள்ள திருப்பி கரண்ட ஏத்தப் பாக்கும். சாதா பேட்டரிக்கு அப்படி ஏத்துனா உப்பி வெடிச்சுரும். அதனால நடுவுல ஒரு டையோடு வைக்கணும், ஒரு பக்கம் மட்டும் தொறக்குற கேட்டு மாதிரி. கரண்டு வெளிய வரும், உள்ள போகாது. அந்த டையோட சால்டர் வச்சது நான். அவருக்கு கண்ணும் சரியில்ல, கையும் ஆடும். நான் லைன்ல நாள் முழுக்க அதத்தான் செஞ்சுட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தும் அதேதானான்னு திட்டிக்கிட்டே வச்சேன். அவரு டார்ச் அடிச்சாரு. வயர பின்பக்கத்து சந்து வழியா வெளிய இழுத்து, பேட்டரி பொட்டிய பெட்டிக்கு வெளியிலயே கறுப்பு டேப்பு போட்டு ஒட்டுனாரு. அசிங்கமா இருக்கு, உள்ள வைங்கன்னு சொன்னேன். "ஒழுகுனா வெளிய ஒழுகட்டும், உள்ள வேணாம்"னாரு. நீ ஒவ்வொரு தடவையும் போர்டு போயிரும் போர்டு போயிரும்னு பயப்படுறியே, அந்த பயம் உனக்கு வேண்டியதில்ல. அவரு அன்னிக்கே யோசிச்சு வச்சுட்டாரு.

வருஷத்துக்கு ஒரு தடவ அந்த பேட்டரிய மாத்துவாரு. எப்பன்னு நீயும் பாத்திருக்க. புக்கிட் மெர்தாஜாம்ல புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு போயிட்டு வந்து, மெழுகுவத்தி வாடை சட்டையில இருந்து போறதுக்குள்ள, கால் கூட கழுவாம போயி உக்காருவாரு. திருவிழா முடிஞ்சா பேட்டரி, அது மறந்து போகாம இருக்க அவரு வச்சுக்கிட்ட வழி. அத மாத்துறதுக்கும் ஒரு மொற உண்டு. மொதல்ல மெஷின போடணும். மெஷின் ஓடுறப்ப அது வீட்டு கரண்ட குடிச்சுக்கிட்டு இருக்கும், பேட்டரி தேவையில்ல. அந்த நேரத்துல பழச உருவிட்டு புதுச போட்டா எதையும் மறக்காது. அணைச்சு வச்சுட்டு உருவுனா எல்லாம் போயிரும். இன்னொண்ணு, அந்த மெஷினும் துணி தொவைக்கிற மெஷினும் ஒண்ணா ஓடுனா நம்ம வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்துரும். பழைய பிளாட்டு, பழைய வயரு. அதனால பேட்டரி மாத்துறப்ப துணி மெஷினு ஓடக் கூடாது. இது அவரோட சட்டம். ஒரு திருவிழா அன்னிக்கு நான் மறந்து போயி துணிய போட்டுட்டேன். சுவிட்ச் விழுந்துச்சு, வீடே இருட்டு. அறையில இருந்து ஒரு சத்தம், "யாரு மெஷின போட்டது!" வீட்டுல இருக்குறது நீயும் நானும், நீ பூனைக்குட்டி மாதிரி மூலையில உக்காந்து சிரிக்கிற. "நான்தான் போட்டேன், இப்ப என்னாங்குறீங்க?"ன்னு நானும் கத்துனேன். அதுல இருந்து வருஷா வருஷம் திருவிழா முடிஞ்சு வந்ததும் அவரு அறைக்குள்ள போறதுக்கு முன்னாடியே கத்திருவாரு, "மெஷின போட்டுறாத!"ன்னு. நான் போடப் போறதே இல்ல. இருந்தாலும் கத்துவாரு.

இப்ப கடிகாரத்தப் பத்தி சொல்லணும். இது ரீத்தாவுக்கு. நம்ம வீட்டு கடிகாரம் எல்லாமே பத்து நிமிஷம் முந்தி ஓடும்மா. கல்யாணம் ஆகி நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு யாரும் அத சொல்லல. கம்பெனி பஸ்ஸு விடியறதுக்கு முன்னாடி கீழ ரோட்டுக்கு வந்துரும். நான் சுவரு கடிகாரத்த பாத்துட்டு, தல கூட காயாம ஓடுவேன். போயி நின்னா பஸ்ஸு இருக்காது. கொசு கடிக்க இருட்டுல நிப்பேன். மாசக்கணக்கா இப்படியே போச்சு. ஒரு நாள் பொறுக்க மாட்டாம டிரைவர புடிச்சு, ஏன் அண்ணே தெனம் லேட்டா வர்றீங்க, உங்களுக்கெல்லாம் ஒரு பொறுப்பே இல்லையான்னு கேட்டுட்டேன். அவரு பாவம், "தங்கச்சி, பஸ்ஸு சரியாத்தான் வருது, போயி உன் வீட்டு கடிகாரத்த கேளு"ன்னாரு. பஸ்ஸுல இருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. அன்னிக்கு சாயங்காலம் உங்க மாமனாருக்கு நான் சோறு போடல. "நீ லேட்டாயிரக் கூடாதுன்னுதான் வச்சேன்"னு ஒரு சமாதானம். தெரிஞ்ச பிறகு நான் மனசுக்குள்ளயே பத்து நிமிஷம் கழிச்சுப் பாக்க ஆரம்பிச்சேன். அது அவருக்கு தெரிஞ்சு இன்னும் கொஞ்சம் முந்தி வச்சாரு. நான் இன்னும் கொஞ்சம் கழிச்சேன். கடைசியில ரெண்டு பேருக்குமே சரியான நேரம் தெரியாம, ஒரு ஞாயித்துக்கெழம பூசைக்கு போனா கோயில் கதவே தொறக்கல. வெளிப்படியில உக்காந்து சிரிச்சோம். அதுக்கப்புறம் பத்து நிமிஷம்னு பேசி முடிவு பண்ணிக்கிட்டோம்.

தம்பி, இந்த எடத்த ரெண்டு தடவ படி. அவ நல்லதுக்குன்னு நீ ஏதாச்சும் செஞ்சா அவகிட்ட சொல்லிட்டுச் செய்யி. உங்கப்பா நல்ல மனுஷன், ஆனா நல்லது பண்றத திருட்டுத்தனமா பண்ணுவாரு. நீயும் அவரு மாதிரிதான்.

அந்த கம்ப்யூட்டருக்கு மட்டும் அவரு சரியான நேரம் வைப்பாரு. ரேடியோவுல செய்திக்கு முன்னாடி மணி அடிக்கும்ல, அதக் கேட்டு, மூச்சப் புடிச்சுக்கிட்டு, அந்த நொடியில பட்டன அமுக்குவாரு. எனக்கு பத்திக்கிட்டு வரும். "கட்டுன பொண்டாட்டிக்கு பொய், தகர டப்பாவுக்கு நெசமா?"ன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? "அதுகிட்ட பொய் சொன்னா கடைசி வரைக்கும் நம்பும், பாவம். நீ கண்டுபிடிச்சுருவ"ன்னாரு. நான் போயி கோப்பி கலக்குனேன்.

இனி போன வருஷத்த சொல்லணும். நீளமா சொல்ல எனக்கு ஒண்ணும் வரல. தவக்காலத்துல ஒரு காலையில, மீன் வாங்கிட்டு வர்றேன்னு பைய எடுத்துட்டு எறங்குனாரு. வழக்கம்போல சீக்கிரமாவே போயி பஸ் ஸ்டாப்புல உக்காந்தாரு. பஸ்ஸு வந்து நின்னு, டிரைவர் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு, ஆளு தூங்குறாருன்னு நெனச்சாராம். அவ்வளவுதான். நீ வந்த, பூசை நடந்துச்சு, பொதைச்சோம். எனக்கு அழுகை வரல. உங்க அத்த என் காது படவே, "இவ மனசு கல்லு"ன்னு சொன்னா. கல்லறையில மண்ணு தள்ளுறப்ப நீ என் கையப் புடிச்சுக்கிட்டு, "மா, ஏன்மா அழ மாட்டேங்கிறீங்க? அழுதுருங்கம்மா"ன்ன. நான் உன் மூஞ்சியப் பாத்துட்டு, குடைய நல்லாப் புடி, நனையிறன்னு சொன்னேன். அந்த பதில் உன்ன எவ்வளவு குத்தியிருக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் நீ அதக் கேக்கவே இல்ல. பேட்டரியப் பத்தி மட்டும்தான் கேட்ட.

பல்லு புடுங்க ஊசி போட்டுட்டு வந்தா ஒதடு இருக்குறதே தெரியாம கடிச்சு வச்சுருவோமே, அப்படித்தான் இருந்துச்சு. சமைச்சேன், சாப்புட்டேன், பூசைக்கு போனேன், யாராச்சும் பசியாறிட்டீங்களான்னு கேட்டா ஆச்சுன்னேன். உன் கல்யாணத்துக்கு பொடவ எடுக்க டவுனுக்கு போனேன், கடைக்காரப் பொண்ணு எதக் காட்டுனாலும் நல்லாருக்குன்னேன். உன் நிச்சயத்துல எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. நான் சந்தோஷமா இருக்குற மாதிரி உக்காந்திருந்தேன். சொல்லப் போனா எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. இத்தன வருஷம் சேந்து வாழ்ந்த மனுஷன் போயிட்டாரு, ஒரு சொட்டு கண்ணீரு வரலைன்னா, நான் அந்த மனுஷன் மேல பாசம் வச்சிருந்தேனா இல்லையான்னு சந்தேகம் வந்துருச்சு. இத யாருகிட்ட கேக்குறது? ஃபாதர்கிட்ட கேக்கலாம்னு போயி, அவரு நல்லாருக்கீங்களாம்மான்னு கேட்டதும், நல்லாருக்கேன் ஃபாதர்னு சொல்லிட்டு திரும்பி வந்துட்டேன்.

சுவரு கடிகாரம் ஒண்ணொண்ணா நின்னுச்சு. ஹால்ல உள்ளது மொதல்ல, அப்புறம் சமையக்கட்டு, அப்புறம் படுக்குற அறை. நான் மாத்தல. போன்லதான் நேரம் இருக்கேன்னு விட்டுட்டேன். அவரு கையால வச்ச நேரத்துல இந்த வீட்டுல ஓடிக்கிட்டு இருந்தது அந்த பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுதான். அப்பப்ப அதப் போடுவேன். நேரம் மட்டும் பாப்பேன், அணைச்சுருவேன். பழைய மெஷினாச்சே, கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி இழுத்துக்கிட்டே வந்துச்சு. அவரு இருந்தா திருத்தியிருப்பாரு. நான் கை வைக்கல. நீ பேட்டரிய எடுங்க எடுங்கன்னு சொல்றப்ப எல்லாம் நான் சரின்னு சொல்லிட்டு எடுக்காம விட்டது இதுக்காகத்தான். எடுத்தா அந்த நேரம் நின்னுரும். இந்த வருஷம் திருவிழாவுக்கும் நான் போகல. போயிருந்தா வந்து மாத்தணுமே.

நீ சம்பளம் வாங்குன புதுசுல வாங்கி அனுப்புன பேட்டரிய பத்தியும் சொல்லிடுறேன். அச்சு அசலா பழைய மாதிரியே பீப்பாய் பேட்டரி, அழகா பொட்டியில போட்டு வந்துச்சு. "இனிமே அந்த அசிங்கத்த கழட்டிருங்கப்பா"ன்னு எழுதியிருந்த. அடுத்த தடவ நீ வந்து பாத்தா அதே டேப்பு, அதே மலிவு பேட்டரி. உன் மூஞ்சி சுருங்கிப் போச்சு, ஒண்ணும் கேக்காம போயிட்ட. ஹால்ல கண்ணாடி அலமாரியில, நீ பட்டம் வாங்குன போட்டோவுக்குப் பக்கத்துல அத வச்சிருந்தாரு. நீ நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவாரு, மகன் அனுப்புனது, ஒரிஜினல்னு. ஏன் மாட்டலன்னு நான் கேட்டேன். உள்ள மாட்டிட்டா யாரு பாப்பாங்கன்னாரு. இப்ப அது அலமாரியிலயே பச்சையா கக்கி, கண்ணாடியில கறை புடிச்சு கெடக்கு. நீ காசு குடுத்து வாங்குன ஒரிஜினல் லட்சணம் அது. அந்தக் கறைய நான் தேய்க்கல, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

சரி, சனிக்கெழம நடந்தத சொல்றேன். உன்கிட்ட பொய் சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீ வந்து பாத்தா தெரிஞ்சுருமே. அப்பத்தான் தோணுச்சு, எடுக்கத்தானே கூடாது, மாத்தலாமே. அவரு மாத்துற மாதிரியே மெஷின ஓட விட்டு மாத்துனா அவரு வச்ச நேரம் அப்படியே ஓடும், நீ சொன்ன பழைய பேட்டரியும் போயிரும். இது ஏன் இவ்வளவு நாளா தோணலன்னு எனக்கே ஆச்சரியம். வெள்ளிக்கெழம பாசார் மாலாம்ல அதே மலிவு பேட்டரிய வாங்குனேன். சனிக்கெழம விடியறதுக்கு முன்னாடியே கோப்பி குடிச்சுட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு உக்காந்தேன். மெஷின போட்டேன். அது முக்கி மொனகி வந்து நின்னுச்சு. நேரத்தப் பாத்தேன், போன்ல உள்ளத விட பின்னாடி இருந்துச்சு, இருக்கட்டும்னு விட்டேன். டேப்ப பிரிச்சேன். ஒரு பேட்டரியோட முனையில மட்டும் உப்பு பூத்த மாதிரி வெள்ளையா இருந்துச்சு, மத்த ரெண்டும் சுத்தம். வினிகர்ல பஞ்ச நனைச்சு ஸ்பிரிங்க துடைச்சேன். என் கை ஆடல. மூணையும் உருவி மேசையில வச்சேன்.

வீடு இருட்டாச்சு. மெயின் சுவிட்ச் விழுந்துருச்சு. காலையில எந்திரிச்சதும் துணி மெஷின போடுறது எனக்கு இப்ப பழக்கம். ரெண்டே துணிதான், இருந்தாலும் தெனம் போட்டுருவேன், வீட்டுல ஏதாச்சும் ஒரு சத்தம் இருக்கட்டும்னு. அன்னிக்கும் போட்டிருந்தேன். அது துணிய ஊற வச்சுக்கிட்டு சத்தமில்லாம நின்னுச்சு, நான் மறந்துட்டேன், அது பாட்டுக்கு சுத்த ஆரம்பிச்சுருச்சு. இத்தன வருஷத்துல நான் அத மறந்தது ஒரே ஒரு தடவதான். இப்ப மறந்தேன்னா, காரணம் என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும். மெஷின போட்டுறாதன்னு கத்துறதுக்கு ஆளு இல்ல.

அந்த இருட்டுல, "யாரு மெஷின போட்டது!"ன்னு ஒரு சத்தம். அடி வயித்துல இருந்து வந்த சத்தம். கத்துனது நான்தான்டா. அவரு கத்துற மாதிரியே, அதே இழுவையோட கத்துனேன். கத்திட்டு, பழக்க தோஷம், பதிலும் சொன்னேன். "நான்தான் போட்டேன், இப்ப என்னாங்குறீங்க?"

அப்புறம் அவரு என்னமோ சொல்லுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் நெசமாவே காத்துக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் வந்துச்சு. எப்படி அழுதேன்னு எழுத மாட்டேன், அத நீ படிக்க வேணாம். பக்கத்து வீட்டு சீனத்து அக்கா இரும்பு கேட்ட தட்டி மலாய்ல என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டாங்க. கரண்டு போச்சுன்னு சொன்னேன். கரண்டு போனதுக்கா இப்படி அழுறீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவங்க வந்து சுவிட்ச தூக்கி விட்டுட்டு, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணியும் குடுத்துட்டுப் போனாங்க.

துணி மெஷின அணைச்சுட்டு, புது பேட்டரி மூணையும் போட்டு கம்ப்யூட்டரத் திரும்பப் போட்டேன். எல்லாத்தையும் மறந்துட்டு வந்து நின்னுச்சு. தேதி எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதி. எல்லாத்தையும் மறந்தா அதுக்கு தெரிஞ்ச நாள் அது ஒண்ணுதான். எண்பதுல நான் பள்ளிக்கூடப் புள்ள, தம்பி. ரெட்ட சடை போட்டுக்கிட்டு திரிஞ்சேன். உங்கப்பான்னு ஒரு ஆளு இந்த பினாங்குல இருக்குறதே எனக்குத் தெரியாது. உன்ன கூப்புட்டு எப்படி திருத்துறதுன்னு கேக்கலாம்னு போன எடுத்தேன், அப்புறம் வேணாம்னு வச்சுட்டேன். டிஸ்க் விவரத்த அவரு மார்க்கர் பேனாவால பெட்டி மேலயே எழுதி வச்சிருக்காரு. அவரு பண்றத வருஷா வருஷம் பின்னாடி நின்னு கோப்பியோட பாத்தவ நான், ஒவ்வொண்ணா அடிச்சேன். தப்பாச்சு, திரும்ப அடிச்சேன். தேதி அடிச்சேன், இந்த வருஷம், இந்த மாசம். கடைசியா நேரம். போனப் பாத்து சரியான நேரத்த அடிக்கலாம்னுதான் போனேன். அவரு அப்படித்தானே வைப்பாரு. என் வெரலு பத்து நிமிஷம் கூட்டி அடிச்சுருச்சு. திருத்தலாமான்னு பாத்தேன். பொய்ய நம்பிட்டு இருக்கட்டும், பாவம்னு விட்டுட்டேன். அன்னிக்கு சாயங்காலமே சுவரு கடிகாரத்துக்கும் பேட்டரி போட்டேன், அதே மலிவு பேட்டரிதான், மூணு கடிகாரத்தையும் பத்து நிமிஷம் முந்தி வச்சேன்.

அழுதேன்னு நெனச்சு இனிமே நான் பழையபடி ஆயிருவேன்னு எதிர்பாக்காத. ஞாயித்துக்கெழம மறுபடியும் ஒதடு மரத்த மாதிரிதான் இருந்துச்சு. இன்னிக்கும் அப்படித்தான். ஆனா நீ கல்லறையில கேட்ட கேள்விக்கு இப்ப என்கிட்ட பதில் இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுனேன். எனக்கு பாசம் இல்லாம இல்லடா. கத்துறதுக்கு அவரு இல்லாம எனக்கு எதுவுமே ஆரம்பிக்கல.

கல்யாணப் பூசைக்கு சீக்கிரம் வந்துரு. நான் வழக்கம்போல முன்னாடியே வந்து மொத பெஞ்சில உக்காந்திருப்பேன், தூங்குறேன்னு நெனச்சுறாத. என்னையும் சிங்கப்பூருக்கு வாங்கன்னு ரீத்தா கேட்டா, நல்ல புள்ள. இப்போதைக்கு நான் இங்கதான். பெட்டிய எடுத்துட்டுப் போ. பேட்டரி பொட்டிய டேப்போட வெளியிலயே விடு, உள்ள வைக்காத. திருவிழாவுக்கு ரெண்டு பேரும் வருஷா வருஷம் வாங்க, அங்க திரும்பிப் போனதும் பேட்டரிய மாத்துங்க. மெஷின ஓட விட்டு மாத்து. ரீத்தாகிட்ட, துணி மெஷினப் போட்டுறாதன்னு கத்து. உங்க வீடு புது வீடு, சுவிட்ச் விழாதுதான். இருந்தாலும் கத்து, அவளும் திரும்பக் கத்தட்டும்.

அது காட்டுற நேரத்த மட்டும் திருத்தாத.

அம்மா